எலி மருந்து தின்றவள்

பேகம்பூர் பக்ருன்னிசாவுக்கு உலகத்தில் மதிப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. தேடாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. புருஷன் மைதீன் பிச்சையில் தொடங்கி, அவருடைய அண்ணன் அப்துல் வாஹித், ஜமாத்துப் பெரியவர்கள், கட்டிக்கொடுத்த இரண்டு மருமகன்கள், பால் ஊற்றுகிறவன் வரைக்கும் எல்லாரையும் ஒரு சுற்று எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கி வைத்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் டாக்டர் சுருளிவேல் போய்ச் சேர்ந்தது, திண்டுக்கல் தனி மாவட்டமாகி சர்க்கார் ஆபீஸ் வாசல்களில் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சுக்குள் கூடையில் அடைத்த கோழி மாதிரி ஏதோ படபடத்தது. அடித்தால் நாலு அடி சேர்ந்து அடிக்கும், அப்புறம் யோசிக்கும், மறுபடி தாறுமாறாக அடிக்கும். மைதீன் பிச்சை அவளை மெயின் ரோட்டில் இருந்த சுருளிவேலின் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ஊரில் பெரிய டாக்டர். நெஞ்சில் கிண்ணம் கிண்ணமாக ஒட்டிப் படம் எடுக்கிற மிஷின் அவரிடம் சொந்தமாக இருந்தது.

படம் வந்த நீளக் காகிதத்தை டாக்டர் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை மைதீன் பிச்சை பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்திருக்கும் பாய். அதுல இருதயத்து வால்வு ஒண்ணு சுருங்கிப்போச்சு. மேல் அறை ஒழுங்கா துடிக்கிறதை விட்டுட்டு நடுங்கிக்கிட்டு இருக்கு. நடுங்குற இடத்துல ரத்தம் தேங்கும், தேங்குனா கட்டி தட்டும். அந்தக் கட்டி மூளைக்கு ஏறிருச்சுன்னா கை கால் விழுந்துரும், பேச்சும் போயிரும்."

"ஆமா டாக்டர்" என்றார் மைதீன் பிச்சை, தானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தது போல.

"அதுக்கு மாத்திரை இல்லையா?" என்று பக்ருன்னிசா கேட்டாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு பேசியிருந்தால்கூட அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். பதிலை மைதீன் பிச்சையிடம் சொன்னார்.

"இருக்கு. ரத்தத்தை உறையவிடாமப் பண்ற மாத்திரை. ஆனா அது உங்க வீட்டுக்கெல்லாம் சரிப்படாது பாய். மாசா மாசம் மதுரைக்குப் போய் ரத்தம் சோதிக்கணும், இங்க அந்த வசதி கிடையாது. அளவு கூடுனா உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டும், குறைஞ்சா வேலை செய்யாது. படிச்சவங்களே தடுமாறுறாங்க. உங்க வீட்டுல கோஷாப் பொம்பளைங்க, எங்க போக, எங்க வர? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்தலையில வந்து விடியும்."

துடிப்பை அடக்க ஒரு மாத்திரையும், நீர் இறங்க ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். பக்ருன்னிசா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தினசரிப் பேப்பரை வரி விடாமல் வாசித்துவிட்டு, அதை எழுதியவர்களையும் சேர்த்துத் திட்டுகிறவள். "எனக்கு ஏன் சரிப்படாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா அந்த ஆளு? சந்தையில ஆட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டு ஓட்டிட்டு வந்தவன்கிட்ட பேசுற மாதிரில்ல பேசுறாரு!" என்றாள் படி இறங்கும்போது. மைதீன் பிச்சைக்கு டாக்டர் தன்னிடம் அவ்வளவு நேரம் பேசியதில் மனம் நிறைந்திருந்தது. அவர் காதில் இது விழவில்லை.

சாயங்காலம் அப்துல் வாஹித் வந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து தோல் மண்டி நடத்தினார்கள். சேர்ந்து என்றால், அண்ணன் சொல்வார், தம்பி தலையாட்டுவார். வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் அண்ணன்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் அவருக்குக் கருத்துகள் சுரக்கத் தொடங்கும். அன்றைக்கும் சுரந்தன.

"ரத்தம் உறையாத மாத்திரையா? ஏலே மைதீனு, அது என்ன சரக்குன்னு தெரியுமா உனக்கு? மண்டியில எலிக்கு வைக்கிறோமே, அதே சரக்குடா! தின்ன எலி உள்ளுக்குள்ளயே ரத்தம் ஒழுகிச் சாகும். டாக்டர் நல்ல மனுசன், வேணாம்னுட்டாரு."

அது உண்மைதான். எலிக்கு வைக்கிற மருந்தும் மனுஷனுக்குக் கொடுக்கிற மாத்திரையும் ஒரே சரக்கு என்று பேப்பரில் எங்கோ பக்ருன்னிசாவும் படித்திருந்தாள். வாழ்நாளில் இந்த மச்சான் சொன்ன ஒரே உண்மை, அதையும் தப்பான இடத்தில் கொண்டுவந்து வைக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு டீயை டம்ளர் தெறிக்க வைத்துவிட்டுப் போனாள். அதோடு அந்தப் பேச்சை அவளும் விட்டுவிட்டாள். சாவைப் பற்றி அவளுக்குப் பெரிய பயம் இல்லை. இவர்களையெல்லாம் விட்டுப் போவதில் நஷ்டம் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

அந்த எண்ணம் மாறியது ஒரு வெள்ளிக்கிழமை.

ஜும்ஆ தொழுகை முடிந்து அண்ணன் தம்பி இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மண்டியில் தோல் கழுவிய உப்புத் தண்ணீரை அப்துல் வாஹித் பின்பக்கக் காலியிடத்தில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அது இறங்கி இறங்கித் தெருக் கிணறு கரிக்கத் தொடங்கியிருந்தது. பக்ருன்னிசா கறிச்சட்டியும் அகப்பையுமாக நின்றுகொண்டு அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மச்சான், தெருவுல அம்புட்டுப் பேரும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறோம். உங்க வீட்டுக்கு மட்டும் பைப்புத் தண்ணி வருது, அதானே உங்களுக்குக் கரிக்கலை? பள்ளிவாசல்ல முதல் வரிசையில நின்னுட்டு வந்து..."

அடுத்த சொல் வரவில்லை. வாயில் ஏதோ வந்தது, ஆனால் அது சொல்லாக இல்லை. குழகுழவென்று ஒரு சத்தம். அது தன் சத்தம்தான் என்று அவள் காது சொன்னது. அகப்பை கையிலிருந்து நழுவிச் சோற்றில் விழுந்தது. வலது கை தன்பாட்டுக்குத் தொங்கியது.

அப்துல் வாஹித் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார். "ஏலே, இன்னைக்கு நிசாவுக்கே நாக்கு சுளுக்கிருச்சுடா!"

மைதீன் பிச்சையும் சிரித்தார். பக்ருன்னிசா சுவரில் சாய்ந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன கரண்ட் திரும்பி வந்து ஃபேன் சுற்றத் தொடங்கியதும் முகத்தில் ஒரு நிம்மதி வருமே, அது வந்திருந்தது அவருக்கு. அண்ணனுக்கும் அதே நிம்மதி. இருவரும் அகப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தாங்களே குழம்பை ஊற்றிக்கொண்டு, தோல் விலை பற்றிச் சாவகாசமாகப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியாக யாரும் சாப்பிட்டதில்லை. இரண்டாம் முறை கறி வேண்டும் என்று அப்துல் வாஹித் அவளைப் பார்த்துச் சைகை காட்டினார்.

அவர்கள் கை கழுவி வருவதற்குள் அவளுக்குக் கை திரும்பியது. பிறகு நாக்கும் திரும்பியது. முதலில் சொன்னது, "சிரிச்சு முடிச்சாச்சா?"

அன்றைக்கு முழுவதும் அவள் அதையே யோசித்தாள். செத்துப்போனால் ஒரு வேலை முடிந்தது. ஆனால் சாகாமல், வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்து கிடந்தால்? ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து இவர்கள் சுற்றி உட்காருவார்கள். கை வைத்த நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்துல் வாஹித் கருத்துச் சொல்வார். அவளைப் பற்றி, அவள் முன்னாலேயே, தலைக்கு மேலாகப் பேசுவார்கள். பதில் சொல்ல நாக்கு இருக்காது. வருஷக் கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். செத்தபின் மண்ணறையில் படுகிற கபுர் வேதனைகூட அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டு உம்மு சல்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சுருளிவேலிடம் போனாள்.

"வீட்டுக்காரர் வரலையா?" என்றார் டாக்டர்.

"நாக்கு இழுத்தது எனக்கு. அவருக்கு எதுவும் இழுக்கலை." நடந்ததைச் சொன்னாள். "அந்த மாத்திரையை எழுதுங்க. மாசா மாசம் மதுரைக்கு நான் போய்க்கிறேன்."

"அதெல்லாம் நீங்க நினைக்கிற மாதிரி விளையாட்டு இல்லைம்மா. பாயைக் கூட்டிட்டு வாங்க. அவரு பொறுப்பு எடுத்துக்கிறேன்னு சொன்னா யோசிக்கலாம்."

"ரத்தம் அவருதா, என்னுதா?"

டாக்டர் சல்மாவைப் பார்த்து, "என்ன பேச்சு பேசுறாங்க பாரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு மணியடித்தார். சல்மா பயந்துபோய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அக்கா, பெரிய டாக்டர்க்கா" என்றாள். "பெரிய டாக்டர்தான். மிஷின் பெருசு" என்றாள் பக்ருன்னிசா.

அந்த வாரமே இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். மதுரை என்றால் சல்மாவுக்குப் புதுமண்டபத்து வளையல் கடை. அந்த ஆசையில்தான் வந்தாள். பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று, தள்ளுப்பட்டு, தப்பான அறைக்குப் போய்த் திரும்பி, கடைசியில் மாலதி என்ற டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். கொண்டை அவிழ்ந்து தொங்கியது. மேஜையில் ஆடை படிந்த டீ. யார் முகத்தையும் பார்க்காமல், "யாருக்கு நோவு?" என்றாள்.

"எனக்கு."

"அப்ப நீயே சொல்லு."

பக்ருன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொன்னாள். மாலதி குழாயை வைத்து வெகு நேரம் கேட்டாள். வெடுக் வெடுக்கென்று கேள்வி கேட்டாள். "வயித்துப் புண்ணு உண்டா? ரத்தக் கொதிப்பு? தீட்டு வருதா, நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

"இங்க பாரு. மாத்திரை சாப்பிடலைன்னா வாதம் வரலாம். சாப்பிட்டா எங்கயாவது ரத்தம் போகலாம். எது வரும்னு சத்தியம் பண்ணி என்னால சொல்ல முடியாது. உனக்கு இருக்குற வால்வுக்கும் துடிப்புக்கும், வாதம் வர்றதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. அன்னைக்கு நாக்கு இழுத்துச்சே, அது முன்னால வந்து சொல்லிட்டுப் போயிருக்கு. என்ன செய்யலாம்ங்கிறே?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கல்யாணத்தின்போதுகூட அவளுடைய அத்தாதான் சம்மதம் சொன்னார். "எழுதுங்க" என்றாள்.

"தினம் ஒரே நேரத்துல சாப்பிடணும். கீரையை ஒரு நாள் சட்டி நிறைய, ஒரு நாள் ஒண்ணுமில்லைன்னு திங்காதே. எப்பவும் ஒரே அளவா வச்சுக்க. பல் ஈறுல ரத்தம் வந்தா, உடம்புல கன்னிப்போனா, வெளிக்கிப் போறது தார் மாதிரி கறுப்பாப் போனா உடனே ஓடி வா. தலைவலி மாத்திரைகூட என்னைக் கேக்காமத் தொடாதே. எந்த டாக்டர் எதைக் குடுத்தாலும், நான் இதைச் சாப்பிடுறேன்னு முதல்ல சொல்லு."

"இம்புட்டுத்தானா? இதுக்கா படிச்சவங்களே தடுமாறுறாங்க?"

மாலதி முதல் முறையாக அவளைச் சரியாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "வரிசை நிக்குது, எந்திரி" என்றாள். பக்ருன்னிசாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு மாதா மாதம் மதுரை. கையில் ரத்தம் எடுப்பார்கள், மாலதி அளவைக் கூட்டுவாள் அல்லது குறைப்பாள். போய்விட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பக்ருன்னிசாவுக்குப் புது மாவட்டத்தின் மேல் ஆத்திரம் வரும். "கலெக்டர் வந்துட்டாரு, எஸ்.பி. வந்துட்டாரு, அவுகளுக்குத் தனித்தனியா பங்களா வந்துருச்சு. ரத்தம் உறையிற நேரம் பாக்க ஒரு கண்ணாடிக் குழாய் வரலை. இது ஒரு தலைநகரம்!"

வீட்டில் அப்துல் வாஹித் தினமும் கேட்டார். "என்ன நிசா, எலி மருந்து சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டேன் மச்சான். உங்களுக்கும் ஒண்ணு குடுக்கலாமான்னு பாக்குறேன். டீயில கலந்தா ருசி தெரியாதாம்."

கொஞ்ச நாளைக்கு அவர் அந்த வீட்டில் டீ குடிக்கவில்லை. மைதீன் பிச்சை மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. நல்லது என்று சொன்னால் அண்ணன் கோபித்துக்கொள்வார்.

மழைக்காலம் வந்தது. அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தொழுகையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. ஒருநாள் மைதீன் பிச்சை சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சுருளிவேல் டாக்டர் எழுதிக் குடுத்தாரு. வலிக்கு நல்லாக் கேக்குமாம்."

"நான் மதுரை மாத்திரை சாப்பிடுறதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சேர்த்துச் சாப்பிடலாம்னாரு. ஒண்ணும் செய்யாதாம்."

அவள் நம்பினாள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும், அது இந்த மனுஷனிடம் கிடையாது என்பது அவளுடைய பல வருஷத்து முடிவு. ஆளைக் குறைத்து எடை போட்டதில் அவளுக்கு வந்த முதல் நஷ்டம் அதுதான்.

முழங்கால் வலி பறந்துவிட்டது. சில நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது எச்சில் சிவந்தது. முன்கையில் அடிபடாமலே பெரிய நீலத் திட்டு. பக்ருன்னிசா மதுரைக்குப் போக வேண்டும் என்று நினைத்த காலையிலேயே கக்கூஸில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள். தார் மாதிரிதான் இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள், "காரைப் பிடிங்க. மதுரைக்கு" என்றாள்.

"முதல்ல சுருளிவேல்கிட்டக் காட்டுவோம்..." என்று அங்கே வந்திருந்த அப்துல் வாஹித் ஆரம்பித்தார்.

"மதுரைக்கு" என்றாள் மறுபடியும். அம்பாசடர் வந்தது. முன் சீட்டில் வழக்கம்போல அப்துல் வாஹித் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் மாலதி அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்தாள். கன்னிப்போன கையைப் பார்த்தாள். நர்சிடம் ஏதோ ஊசி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"வேற என்ன மாத்திரை சாப்பிட்டா?"

மைதீன் பிச்சை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"இதை யார் எழுதுனது? இந்தம்மா ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறாங்கன்னு அவர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

"இல்லைங்க டாக்டர். அவரு வேணாம்னு சொன்னதை மீறி மதுரைக்கு வர்றது தெரிஞ்சா கோவிச்சுக்குவாரோன்னு..."

"அவரும் கேக்கலையா, வேற என்ன சாப்பிடுறாங்கன்னு?"

"கேக்கலைங்க."

தள்ளுவண்டியில் கண்ணை மூடிக் கிடந்த பக்ருன்னிசா எல்லாவற்றையும் கேட்டாள். ஒருவன் கோபித்துக்கொள்வானோ என்று இன்னொருவன் பயந்ததில் தன் ரத்தம் பாதி போய்விட்டது. அதைச் சொல்லித் திட்ட அவளுக்கு எத்தனையோ வார்த்தை வந்தது. நாக்கும் நன்றாகத்தான் இருந்தது. மூச்சுதான் இல்லை. அன்றைக்கு நடந்ததில் அவளுக்குப் பெரிய கொடுமையாகப் பட்டது அதுதான்.

"உடனே ரத்தம் ஏத்தணும். யார் குடுக்கிறீங்க?" என்று மாலதி கேட்டாள்.

அப்துல் வாஹித் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆம்பூருக்கு லோடு ஏத்தணும்டா மைதீனு. லாரிக்காரன் நிப்பான். நான் போய் அனுப்பிச்சுட்டு வாரேன்." அம்பாசடரிலேயே திரும்பிப் போனார்.

மைதீன் பிச்சை சட்டைக் கையை மடித்தார். நாள் பூராவும் ஆட்டுத்தோலுக்கு நடுவில் பிழைக்கிறவர்தான், ஆனால் வீட்டில் கோழி அறுத்தால் மாடிக்குப் போய்விடுவார். ஊசியைப் பார்த்ததுமே நெற்றி வியர்த்தது. அவருடைய ரத்தமும் அவளுடைய ரத்தமும் ஒரே வகையாக இருந்தன. பாட்டில் நிறைந்ததும் எழுந்தவர், நேராக நர்ஸின் காலடியில் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள்.

பக்ருன்னிசா கண் விழித்தபோது தலைக்கு மேலே பாட்டில் தொங்கியது. பக்கத்தில் வாயைத் திறந்து படுத்திருந்தவரைப் பார்த்தாள். இந்த மனுஷனின் ரத்தம் உள்ளே இறங்கினால் நமக்கும் பயந்தாங்கொள்ளித்தனம் வந்துவிடுமோ என்று முதலில் தோன்றியது. அப்புறம், ஓடிப்போகாமல் கையை நீட்டியிருக்கிறாரே என்றும் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதை அவள் வெகு நேரம் வைத்துக்கொள்ளவில்லை. இவரால்தானே இதெல்லாம்.

ரத்தம் நின்றது. தெம்பு திரும்பியது. மைதீன் பிச்சை இடையில் ஒருநாள் திண்டுக்கல் போய்விட்டு வந்தார்.

"சுருளிவேல் டாக்டரைப் பார்த்தேன். நான் அப்பவே சொன்னேன்ல பாய், இது உங்க வீட்டுக்குச் சரிப்படாதுன்னு, இனிமே அதைத் தொடவே கூடாதுன்னாரு. அண்ணனும் அதைத்தான் சொல்லுது. எலி மருந்து வீட்டுக்குள்ள வரப்படாதாம்."

"அவரு எழுதுன வலி மாத்திரையாலதான் ரத்தம் போச்சுன்னு டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

மைதீன் பிச்சை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"மறுபடியும் சொல்லலை" என்றாள் அவள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் மாலதி வந்தாள். துடிப்பு மாத்திரையையும் நீர் மாத்திரையையும் மட்டும் சொன்னாள். பக்ருன்னிசா காத்திருந்தாள். வேறு ஒன்றும் வரவில்லை.

"இன்னொண்ணு?"

"இப்போதைக்கு வேணாம்" என்றாள் மாலதி. "இன்னொரு தடவை இப்படி வந்தேன்னா பிழைக்க வைக்க முடியுமான்னு தெரியலை."

"வலி மாத்திரை சேர்ந்ததாலதானே போச்சு? அதை இனிமே நான் தொடப்போறதில்லை. என் வால்வு விரிஞ்சிருச்சா? துடிப்பு ஒழுங்காயிருச்சா?"

"இல்லை."

"அப்ப வாதம் வர்ற வாய்ப்பு அப்படியேதான இருக்கு?"

"இருக்கு. ஆனா எனக்குப் பயமா இருக்கு."

பக்ருன்னிசாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. கொண்டை அவிழ்ந்த இந்த ஒருத்தியைத்தான் அவள் எடை போட்டு ஒதுக்காமல் வைத்திருந்தாள். இவளும் அந்தக் கூட்டத்தில்தான் சேரப்போகிறாளா?

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "மாத்திரையைக் குடுத்து ரத்தம் போனா உங்க பேரு கெடும். குடுக்காம எனக்கு வாய் கோணுனா அல்லா பேருதான் கெடும். அதானே கணக்கு?"

மைதீன் பிச்சை, "நிசா!" என்று பதறினார். மாலதியின் முகம் சிவந்தது. கதவு வரை போனாள். திரும்பி வந்து, பேனாவைத் திறந்தாள்.

"பத்து நாள் போகட்டும், வலி மாத்திரை உண்டாக்குன வயித்துப் புண்ணு ஆறணும். அப்புறம் பழைய அளவுல பாதி. வாரா வாரம் வந்து காட்டணும். ஒரு வாரம் தவறுனாலும் நிறுத்திருவேன்." பிறகு மைதீன் பிச்சையைப் பார்த்து, "இனிமே இவங்களுக்குன்னு எந்த டாக்டர்கிட்டயும் நீங்க தனியாப் போகக் கூடாது" என்றாள்.

"சரிங்க."

"என்ன சரி? கூட நீங்களும் வாங்க வாரா வாரம்."

அப்படித்தான் மைதீன் பிச்சை மதுரை பஸ்ஸில் ஏறத் தொடங்கினார். சல்மாவுக்கு வளையல் கடை போயிற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்துகொள்வார், சின்னாளபட்டி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். அவருடைய தலை அவள் தோளில் சாயும்போதெல்லாம் முழங்கையால் இடித்து நிமிர்த்துவாள். ஆனாலும் ஒரு வாரம்கூட அவர் வராமல் இருக்கவில்லை.

அடுத்த வருஷம் மாலதி எழுதி அனுப்பியதில், மெட்ராஸில் ஆபரேஷன் செய்து அவளுடைய வால்வை விரித்துவிட்டார்கள். மூச்சு வாங்குவது போயிற்று. துடிப்பு மட்டும் ஒழுங்குக்கு வரவில்லை, அதனால் மாத்திரையும் நிற்கவில்லை. அதை அவள் சோற்றுக்கு உப்பு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

பக்ரீத்துக்கு மகள்களும் மருமகன்களும் வந்திருந்தார்கள். ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பக்ருன்னிசா வாசற்படியில் கறிச்சட்டியோடு நின்றாள். அப்துல் வாஹித் மருமகன்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் மட்டும் இல்லைன்னா உங்க மாமியார் கதை முடிஞ்சிருக்கும். ஒரு நிமிசம் தாமதிக்காதடா, மதுரைக்கு விடுன்னு காரைப் பிடிச்சது யாரு? நான். ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணுனது யாரு? நான். ஆஸ்பத்திரியில அவனவன் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறான்..."

பக்ருன்னிசா சட்டியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் வேறொரு குரல் வந்தது. மெலிந்து, இடையில் உடைந்து, எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் சுற்றிப் பார்க்கும்படியான குரல்.

"அண்ணே, நீ அன்னைக்கு லோடு ஏத்தப் போயிட்டியே."

பந்தியில் மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. அப்துல் வாஹித் தம்பியைப் பார்த்தார். மைதீன் பிச்சை சொன்னதோடு சரி, தலையைக் குனிந்துகொண்டு, எலும்பு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

பக்ருன்னிசா வியந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் அண்ணனைப் பார்த்துச் சொன்ன முதல் நிஜம் இது. கூடவே அவளுக்கு எரிச்சலும் வந்தது. தொடங்கத் தெரிகிறது, முடிக்கத் தெரிகிறதா? லாரி நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்ததைச் சொல்லவில்லை. காரையும் எடுத்துக்கொண்டு போனதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அரையும் குறையுமாக விடுவதே இந்த ஆளுக்கு வேலை.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்திக்கு நடுவில் வந்து நின்றாள். மீதியை அவளே சொன்னாள். லாரியிலிருந்து தொடங்கி, கிணற்றுத் தண்ணீர் வழியாக, கை வைத்த நாற்காலி வரைக்கும், ஒரு வார்த்தை தடுக்காமல், ஒரு எழுத்து குழறாமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் எல்லார் இலையிலும் பிரியாணி ஆறிப்போயிருந்தது.